மூச்சு எடுக்கிற இடம்

லியாம் பொய் சொல்கிறான் என்று அவன் குழலோடு வந்த முதல் சனிக்கிழமையே எனக்குத் தெரியும். ஒருவருக்கும் சொல்லவில்லை. அவனுடைய பொய் அவனுடைய சாமான். என்னிடமும் ஒன்று இருந்தது.

எழுபத்து நாலாம் ஆண்டு. மெல்பனில் ரிச்மண்ட் பக்கம் ஒரு ஐரிஷ் பப். அங்கே நிலவறையில் பியர் பீப்பாய் உருட்டுவது என் வேலை. கப்பலில் வந்து இறங்கி, திரும்பிப் போகாமல் நின்றவன் நான். குடியிருக்கிறதுக்கான கடதாசிகள் பிறகுதான் சரிவந்தன. சனிக்கிழமைப் பின்னேரங்களில் மேலே பாட்டு நடக்கும்.

மிக்தான் தலைவன். துறைமுகத்தில் வேலை, அக்கார்டியன் வாசிப்பான். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிறந்தவன். டெஸ் வயலின். ரயில் ஓட்டுகிறவன். அவன் அயர்லாந்தைக் கண்ணால் கண்டதில்லை, அவனுடைய அப்பனும் கண்டதில்லை. ஆனால் அந்த நாட்டைப் பற்றிப் பாடும்போது அழுகிறவன் அவன் ஒருவன்தான். லியாம் சுவருக்குச் சாந்து பூசுகிறவன். வட அயர்லாந்தின் பெல்பாஸ்டில் இருந்து வந்த கத்தோலிக்கன் என்று சொல்லிக்கொண்டான்.

நாலாவது ஆள் நான். முன்பு மேளம் அடித்தவன் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டான். அவனுடைய மேளம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மரவளையம், ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல், அடிக்க ஒரு கட்டைக் குச்சி. எங்கள் மேளத்துக்கு இரண்டு முகம், இதற்கு ஒன்றுதான். ஒருநாள் தூசி தட்டுகிற சாட்டில் எடுத்துத் தட்டிப் பார்த்தேன். மிக் கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தான்.

"எங்கயடா பழகினனி?"

"கப்பல்ல."

அதோடு என்னைக் கதிரையில் இருத்திவிட்டார்கள். என் பெயர் தேவராஜா. அவர்கள் வாயில் அது ரோஜர் ஆகிவிட்டது. தேவராஜா என்பதும் கப்பலுக்காக நானே வைத்துக்கொண்ட பெயர். அப்பன் கூப்பிட்ட பெயரை அந்த நாட்டில் ஒருவரும் அறியார்.

லியாமின் பொய்யை நான் பிடித்தது இப்படித்தான். அவன் கதிரையில் இருந்து வாசித்தாலும் நடக்கிறவன் மாதிரி வாசித்தான். இடது குதிகால் தானாக எழும்பி விழும். மூச்சும் அந்தக் காலோடு சேர்ந்துதான் வரும். வீட்டுக்குள் இருந்து பழகினவன் மூச்சைப் பாட்டுக்குள் எங்கேயாவது ஒளித்துவிடுவான். தெருவில் பழகினவனுக்கு அது முடியாது, அவனுக்குக் காலும் மூச்சும் ஒன்று. நானும் தெருவில் பழகினவன். யாழ்ப்பாணத்தில் பிரேதத்துக்கு முன்னால் மேளம் அடித்துக்கொண்டு போகிற ஆட்கள் நாங்கள். அந்த வேலைக்கென்று ஒரு சாதி உண்டு. அந்தச் சாதிக்கு என்ன மரியாதை என்பதை நான் எழுதி ஒருவர் அறியத் தேவையில்லை.

பெல்பாஸ்டில் குழலும் மேளமுமாகத் தெருவில் அணிவகுப்பது புரட்டஸ்தாந்துக்காரரின் பெருமை என்று மிக் சொல்லியிருந்தான். சொல்லிவிட்டுத் துப்பியும் இருந்தான். அங்கே அவர்களுக்கும் கத்தோலிக்கருக்கும் தீராப் பகை. லியாம் எந்தப் பக்கத்து ஆள் என்பதை நானே விளங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் கணேசலிங்கம் வருவார். யாழ்ப்பாணத்து ஆள், அரசாங்க வேலை, மல்கிரேவில் புது வீடு. வீட்டில் பியர் மணக்க மனைவி விமலா விடமாட்டார் என்று இங்கே வந்து ஒரு கிளாஸ் குடிப்பார். வெள்ளைக்காரர் நடுவில் நம்மவன் ஒருவன் இருக்கிறான் என்று அவருக்குப் பெரிய சந்தோசம்.

"அண்ணை, ஊரில எவ்விடம் எண்டு இன்னும் வடிவாச் சொல்லேல்லை நீங்கள்."

"திருகோணமலை."

"அங்க எவ்விடம்?"

"துறைமுகப் பக்கம்."

"அங்க எனக்கும் சொந்தக்காரர் இருக்கினம். ஆரின்ர ஆக்கள் நீங்கள்?"

"அப்பா கப்பல்ல திரிஞ்சவர். எனக்கே வடிவாத் தெரியாது."

நல்ல மனிதர்தான். இப்படிக் கேட்கிறவர்கள் எல்லாரும் நல்ல மனிதர்கள்தான்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் கீரன் என்று ஒருவன் நிலவறைக்கே இறங்கி வந்தான். மெலிந்தவன், கழுத்தில் எரிகாயத் தழும்பு. பெல்பாஸ்டில் இருந்து வந்து கொஞ்சக் காலந்தான்.

"உங்கட குழல்காரன் எந்தத் தெரு எண்டு சொன்னவன்? எந்தப் பள்ளிக்கூடம்?"

அந்தக் கேள்வி எனக்கு ஊரிலேயே பழக்கமானது. சாதியைப் பிடிக்க எந்த ஒழுங்கை, எந்தக் கோயில், எந்தக் கிணறு என்று கேட்கிற அதே குரல்.

"நான் பீப்பாய் உருட்டுறவன். எனக்கென்ன தெரியும்?"

அவன் போகவில்லை. ஒரு பீப்பாயில் குந்திக்கொண்டு சொன்னான். அறுபத்தொன்பதில் அவனுடைய தெருவை எரித்தபோது தம்பி உள்ளே இருந்தானாம். எரிக்க வந்தவர்களுக்கு முன்னால் ஒருவன் குழல் ஊதிக்கொண்டு வந்தானாம்.

"புகைக்குள்ள முகம் தெரியேல்லை. குழல் மட்டும் காதில நிக்குது. அவன் இஞ்ச வந்திட்டான் எண்டு கேள்வி. சனிக்கிழமை வந்து ஒரு பாட்டுக் கேப்பன். அது எங்களுக்கும் இருக்கு, அவங்களுக்கும் இருக்கு. ராகம் ஒண்டு, சொல்லுத்தான் வேற. நாங்கள் இருந்து ஆறுதலாப் படிப்பம். அவங்கள் அதோட நடப்பாங்கள். சின்னனில பழகினவன் எவ்வளவு மறைச்சாலும் மூச்சு எடுக்கிற இடத்தில பிடிபடுவான்."

"பிடிபட்டால்?"

"இந்த வாசலால நடந்து போகமாட்டான்."

அன்று பின்னேரம் லியாம் வேலை முடிந்து, முழங்கை வரை சாந்தோடு பியர் குடிக்க வந்தான். அவனைக் கீழே கூப்பிட்டுச் சொன்னேன். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கிளாஸில் இருந்ததைக் குடித்து முடித்தான்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான்.

"உன்ர குதிக்கால்."

குனிந்து காலைப் பார்த்தான், யாரோ வேறு ஒருவனுடைய காலைப் பார்ப்பது போல.

"சனிக்கிழமை வராத."

"வராட்டி அதுதான் பதில், ரோஜர். அதுக்குப் பிறகு நான் எங்க போனாலும் தேடி வருவான்." கிளாஸை வைத்துவிட்டு என்னைக் குறுகுறுவென்று பார்த்தான். "நீ ஏன் எனக்குச் சொல்லுறாய்? உனக்கு என்ன வேணும்?"

"ஒண்டும் வேண்டாம். மேல போ."

அவன் என்னை நம்பவில்லை. அவன் இடத்தில் நான் என்றாலும் நம்பியிருக்கமாட்டேன்.

சனிக்கிழமை பப் நிறைந்திருந்தது. வெயில் கண்ணாடியால் வந்து மேசையெல்லாம் விழுந்துகொண்டிருந்தது. கணேசலிங்கம் தன் வழக்கமான இடத்தில், கையில் கிளாஸ். கீரன் எங்களுக்கு நேர் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். அவனோடு வந்த இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். லியாம் தலை வாரி, வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்திருந்தான். பிரேதத்துக்கு உடுப்பாட்டின மாதிரி இருந்தது எனக்கு.

இரண்டு மூன்று பாட்டு முடிந்தது. கீரன் பாட்டின் பெயரைச் சொன்னான். "குழல் மட்டும்" என்றான்.

மிக் சிரித்தான். "ஏன், எங்கட முகம் பிடிக்கேல்லையோ?"

"குழல் மட்டும்."

மிக் சிரிப்பை நிறுத்தி லியாமைப் பார்த்தான், பிறகு வாசலைப் பார்த்தான். டெஸ்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் அழுவதற்கு ஆயத்தமாக வயலினை மடியில் வைத்துக்கொண்டான்.

லியாம் தொடங்கினான். முதல் சுற்று நன்றாகத்தான் போனது. ஆறுதலாக, இழுத்து இழுத்து வாசித்தான். இரண்டு காலையும் கதிரைக் காலுக்குப் பின்னால் கொழுவியிருந்தான். நெற்றியில் வேர்வை. கீரன் பாட்டைக் கேட்கவில்லை. லியாமின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் சுற்றில் உடம்பு மனிதனைக் காட்டிக்கொடுக்கத் தொடங்கியது. குதிகால் கழன்று வந்தது. முதலில் சின்னதாக ஓர் அசைவு. பிறகு மூச்சு அந்தக் காலில் விழுந்தது. ஒன்று. அடுத்ததும் அதே இடம். கீரன் கதிரையின் நுனிக்கு வந்தான். வாசலில் நின்றவர்களில் ஒருவன் உள்ளே ஓர் அடி வைத்தான்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சும்மா இருந்திருப்பேன், எனக்கு அந்தளவு புத்தி உண்டு. கை போய்விட்டது. அப்பன் அடிக்கிற அடி. விழும், நிற்கும். இனி இல்லை என்று நினைக்கிற நேரம் இரண்டாக விழும், திரும்ப நிற்கும். பிரேதம் கொண்டுபோகிறவர்கள் நின்று நின்று போகிற அடி. இராணுவ நடை நடக்கிறவன் அதற்குக் கால் வைத்தால் தடுக்கி விழுவான்.

லியாமின் மூச்சு தடுக்கி விழுந்தது. குழலில் வெறும் காற்று வந்தது. பாட்டு நின்றது.

பப் முழுக்கச் சிரித்தது. "கறுவலுக்கு வெறி ஏறிப்போச்சு!" என்று யாரோ கத்தினான். மிக் முகம் சிவந்து, "ரோஜர், மேளத்தைக் கீழ வை!" என்று குரைத்தான்.

கீரன் மட்டும் சிரிக்கவில்லை. "திரும்ப. மேளம் இல்லாமல்."

மேளத்தைக் கீழே வைத்தேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். லியாம் குழலைத் துடைத்தான். ஒருதரம் என் கையைப் பார்த்தான், முகத்தை அல்ல. பிறகு ஊதினான். நான் அடித்த அடி அவன் காதுக்குள் இன்னும் நின்றிருக்க வேண்டும். என் அடி நின்ற இடத்திலெல்லாம் அவன் மூச்சை எடுத்தான். கோணல் மாணலாக, தேவையில்லாத இடங்களில், சொல்லின் நடுவில் கூட. ஆனால் ஒன்றும் காலில் விழவில்லை. குதிகால் செத்துக் கிடந்தது. இரண்டு சுற்றும் அப்படியே வாசித்து முடித்தான். அந்தப் பாட்டை அதைவிட மோசமாக ஒருவன் வாசித்திருக்கமாட்டான்.

கீரன் கதிரையைப் பின்னால் தள்ளினான். பிறகு எழும்பி என் முன்னால் வந்து குனிந்தான்.

"நீ வேணுமெண்டு செய்தனி."

"நான் உங்கட ஆளில்லை. உங்கட பாட்டு எனக்கு என்ன தெரியும்?"

"திரும்ப வருவன்" என்றான். போனான்.

மிக் உடனே ஒரு வேகமான பாட்டைத் தொடங்கினான். நான் கிளாஸ் எடுக்கப் போன இடத்தில் கணேசலிங்கம் நின்றார். கிளாஸில் பாதி அப்படியே இருந்தது.

"நீர் திருகோணமலை எண்டெல்லோ சொன்னனீர்?"

அண்ணையும் இல்லை, நீங்களும் இல்லை.

"ஓம்."

"உது என்ன அடி எண்டு எனக்குத் தெரியும். எங்கட அம்மாவின்ர செத்தவீட்டிலயும் கேட்டனான்."

நான் வெறுங்கிளாஸ்களை அடுக்கினேன். மிச்சப் பியரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்தநாள் அவர் வீட்டில் சாப்பாடு. முன்னமே சொல்லியிருந்தார்கள், மறிக்க வெட்கப்பட்டிருப்பார்கள். வரமாட்டேன் என்று நினைத்திருப்பார்கள். நான் போனேன். எனக்கு மட்டும் பின்வளவில் கதிரை போட்டு வைத்திருந்தது. உள்ளே எல்லாருக்கும் பீங்கான். எனக்குக் கடதாசித் தட்டு. விமலா குசினி வாசலில் நின்றபடி, என் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்று கேட்டார்.

"போடுங்கோ" என்றேன். புட்டு நன்றாயிருந்தது. தட்டை நானே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை லியாம் நிலவறைக்கு வந்தான். தோளில் பை.

"அது என்ன அடி?"

"சாவுக்கு அடிக்கிறது."

"ஆரின்ர சாவுக்கு?"

"அண்டைக்கு உன்ர எண்டுதான் நினைச்சன்."

சிரித்தான். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான்.

"கீரன்ர தெருவுக்கு ஊதிக்கொண்டு போனது நீயோ?"

பையைக் கீழே வைத்தான். திரும்பத் தூக்கினான். "நான் முன்னால போனனான், ரோஜர். பின்னால என்ன நடந்தது எண்டு திரும்பிப் பாக்கேல்லை."

"எரிஞ்சது மணந்திருக்குமே."

மேலே யாரோ கதிரை இழுக்கிற சத்தம் கேட்டது. அவன் அண்ணாந்து பார்த்தான்.

"மணந்தது" என்றான்.

பிறகு, "நான் இப்ப போறது..." என்று தொடங்கினான்.

"நிப்பாட்டு. இடம் சொல்லாத. என்னைப் போட்டு இறுக்கினால் நான் சொல்லிப்போடுவன்."

கை கொடுக்க நீட்டினான். என் இரண்டு கையும் பீப்பாயில் இருந்தன. நான் எடுக்கவில்லை. அவன் ஏறிப்போகிற சத்தத்தை மட்டும் கேட்டேன். படியிலும் அவன் குதிகால் அப்படித்தான் விழுந்தது.

சனிக்கிழமை கீரன் தனியாக வந்தான். குழல்காரனின் கதிரை வெறுமையாக இருந்தது.

"எங்க அவன்?"

"தெரியாது."

"எந்தப் பக்கம்?"

"தெரியாது." இந்த முறை அது உண்மை. அதனால் அவன் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

அவன் என் அருகே அந்த வெறுங்கதிரையில் இருந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்துக் குச்சியை இறுக்கிப் பிடித்தேன். அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்டைக்கு நீ அடிச்சது சாவுக்கு அடிக்கிறது, என்ன?"

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவனுக்குத் தெரிந்திருக்கும்.

"ஓம்."

"தம்பிக்குச் செத்தவீடு நடக்கேல்லை. எடுக்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை." மிக்கிடம் திரும்பினான். "அந்தப் பாட்டை வாசி. இந்த மனிசனும் அடிக்கட்டும்."

மிக் என்னைப் பார்த்தான். டெஸ் வயலினைக் கழுத்தில் வைத்தான். நான் மேளத்தை எடுத்தேன்.

"தம்பின்ர பேர் என்ன?"

"ஈமன்."

எங்களில் பெயர் கேட்காமல் அடிக்கிறதில்லை. அதை மட்டும் அவனுக்குச் சொல்லிவிட்டு அடிக்கத் தொடங்கினேன்.