பூ பார்டர் போட்ட படம்

நந்தினி மூன்று மாதம் மாய்ந்து மாய்ந்து வடிவமைத்த ஆப் அது. பழைய படங்களைச் சேமித்து வைத்து உறவுக்கெல்லாம் அனுப்பலாம். படம் தானாகக் கறுப்பு வெள்ளையாகும். சுற்றிலும் பூ பார்டர் வரும். அடியில் ஆளின் பெயர், பிறந்த வருஷம், ஒரு கோடு, படத்தை ஏற்றிய வருஷம். அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்த பெங்களூர் கம்பெனிக்காரர்கள் ரொம்ப ரசனையாக இருக்கிறது என்றார்கள். நந்தினிக்கும் அப்படித்தான் தோன்றியது. கண் இருந்து என்ன பிரயோசனம்?

முதலில் சோதித்துப் பார்த்தவர் அப்பா சந்திரமோகன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஆலையில் வேலை. காலை ஷிப்டுக்குப் போனவர் கேட்டில் நின்று தன் பழைய படம் ஒன்றை ஏற்றி, 'எல்லோருக்கும்' என்ற பொத்தானை அமுக்கினார். பிறகு வழக்கம்போல் செல்போனை செக்யூரிட்டியிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார். ஷிப்டு முடியும்வரை எமனே கூப்பிட்டாலும் எடுக்க முடியாது.

சற்று நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் பதறிப்போய் வீட்டுக்கு ஃபோன் செய்தார். அம்மா குணசுந்தரி எடுத்தாள்.

"அய்ய, உயிரோடதான் கீறாரு. டூட்டிக்குப் போய்க்கீறாரு."

வைத்ததும் அடுத்த ஃபோன். அதே பதில். சொல்லிச் சொல்லி அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நந்தினி அப்போதுதான் அப்பாவின் படத்தைப் பார்ப்பவர்கள் கண்ணால் பார்த்தாள். தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. பெற்ற அப்பனுக்கு இதைச் செய்தோமே என்று வெட்கமாக இருந்தது.

மதியம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஆர்.கே.பேட்டைச் சித்தப்பா ஆதிநாராயணன், கையில் ரோஜா மாலை. கிரகப்பிரவேசப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனதற்காக எட்டு வருஷமாக இந்த வாசலை மிதிக்காத மனுஷன். அப்பாவும் வீம்புக்காரர், கூப்பிடவில்லை. ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க நந்தினிக்குப் பொறுக்காது.

"போய்ட்டியாண்ணா," என்று சித்தப்பா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பேரு போடலன்னா இன்னா, நான் வந்திருக்கக் கூடாதா?"

அப்பா உயிரோடு இருக்கிறார் என்றால் இவர் கிளம்பிவிடுவார். அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா?

"சித்தப்பா, அப்பா நல்லா இருக்காரு. இது நான் பண்ண ஆப். தப்பு என்னுதுதான்."

அழுகை நின்றது. சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எனக்கு இங்க இன்னா வேல?"

படியிறங்கிப் போய் மாலையை பைக்கில் மாட்டினார். என்ன நினைத்தாரோ, செல்போனை எடுத்து மறுபடி படத்தைப் பார்த்தார்.

"தோள் மேல கீறது என் கைதான?"

அவர் கைதான். ஆப் ஆளை வெட்டிவிட்டுக் கையை மட்டும் விட்டிருந்தது. பெயர் வரும் இடத்தில் 'சந்திரமோகன்', பக்கத்தில் மூன்று புள்ளி. ஒரு பெயருக்குத்தான் நந்தினி இடம் வைத்திருந்தாள். அவள் ஓடிப்போய்ப் புள்ளியைத் தொட்டாள். அப்பா தட்டியிருந்தது முழுதாக விரிந்தது: 'சந்திரமோகன், என் தம்பி ஆதிநாராயணன்.'

சித்தப்பா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"இதுலயும் என் பேர மறைச்சி வெச்சிக்கீறீங்க," என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா சோறு போட்டாள்.

ஷிப்டு முடிந்து அப்பா வந்தார். பைக்கில் தொங்கிய மாலையைப் பார்த்தார். உள்ளே சோறு பிசைந்துகொண்டிருந்த தம்பியைப் பார்த்தார்.

"யார்ரா செத்தது?"

"நீதான்."

அப்பா கை கழுவிக்கொண்டு வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "ரசம் ஊத்திக்கோ."