பன்றிக் கொட்டிலில் ரெங்சன் மாமா

பதினோரு மணிக்குக் காட்டு ஆபீஸ் ஜீப் வரும். இப்போது மணி எட்டு. பெனிதா வீட்டையே கவிழ்த்துக் கொட்டிவிட்டாள். ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இருந்தால்தானே கிடைக்கும்!

ஊரில் ஏழு வீட்டுச் சுவரில் ஏற்கெனவே சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி விழுந்துவிட்டது. குறி விழுந்தால் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். காடு ஐம்பது வருஷமாக அரசாங்கத்தினுடையதாம். அரசாங்கம் எடுத்துக்கொள்வதற்கு முன்பே இங்கே குடியிருந்ததாகக் காட்டினால் மட்டும் விட்டுவிடுவார்களாம். எதைக் காட்டுவது? காரோ பழங்குடி வீடுகளில் வீட்டை யாரும் எழுதி வைப்பதில்லை. அது கடைக்குட்டி மகளுக்குப் போகும் என்று ஊருக்கே தெரியும்; தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும்? அம்மா ஜாஜோங்குக்கு அப்படித்தான் வந்தது. கடைக்குட்டி பெனிதாவுக்கும் அப்படித்தான் வரப்போகிறது. வந்தால்.

"அன்னிக்கு உங்க ஆளுங்க என்னை மாப்பிள்ளையாக்கப் பிடிச்சு இழுத்துட்டு வந்தப்போ ரெண்டு தடவ ஓடினேன். மூணாவது தடவையும் ஓடியிருக்கணும்" என்றான் அவள் புருஷன் வால்டர். மாமியார் வீட்டோடு வந்து பத்து வருஷம் ஆகியும் அந்தப் பேச்சை மட்டும் விடவில்லை.

"இப்ப ஓடேன். பிடிக்க ஒருத்தரும் வரமாட்டாங்க. ஓடறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டிய இறக்கிக் குடுத்துட்டு ஓடு."

பெட்டிக்குள் பாச்சை உருண்டையும் அம்மாவின் ஞானஸ்நான அட்டையும்தான் இருந்தன. அட்டைக்கு வயசு முப்பத்தெட்டு வருஷம். போதாது. அதைப் பார்த்ததும்தான் பெனிதாவுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

"அம்மா! கிமாவெல்லாம் எங்கம்மா?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஜாஜோங்கின் கை நின்றது. வீட்டில் ஒருவர் செத்தால் மரத்தில் முகம் செதுக்கி வாசலில் நடுவார்களே, அந்தக் கிமா. செத்தவருக்கு ஒன்று. பெனிதா பிறப்பதற்கு முன்னால் இந்த வாசலில் நான்கு நின்றனவாம்.

"இப்ப எதுக்கு அது?"

"உன்னோட ரெங்சன் மாமா கிமாவுல ஒரு கண்ணுக்குக் காசு பதிச்சிருந்தாங்கன்னு நீதானே சொன்னே? அவருக்கு ஒத்தக் கண்ணுன்னு, அவரோட காசையே வச்சாங்கன்னு. ராஜா தலை போட்ட காசு! அதுல வருஷம் இருக்கும்மா, வருஷம்!"

ஜாஜோங் முறத்தைக் கீழே வைத்தாள். பன்றிக் கொட்டில் பக்கம் பார்த்தாள்.

"அம்மா?"

"ஞானஸ்நானம் எடுத்தப்போ இதெல்லாம் வாசல்ல நிக்கக் கூடாதுன்னுட்டாங்க. எரிக்க மனசு வரல. நல்ல மரம். கொட்டிலுக்கு நாலு மூலைக்கும் தூணு வேண்டியிருந்துச்சு."

"மாமாவப் பன்னிக்குக் காவலுக்குப் போட்டியா!"

"தலைகீழாத்தான் நட்டேன்" என்றாள் ஜாஜோங், மெதுவாக. "முகத்தப் பாக்கத் தைரியமில்ல."

எந்த மூலையில் எவர் என்று அவளுக்கு மறக்கவே இல்லை. கிழக்கு மூலையைக் காட்டினாள். வால்டர் கடப்பாரை போட்டான், பெனிதா கையாலேயே தோண்டினாள். தூண் அசைந்ததும் மூங்கில் தட்டி சாய்ந்தது, தாய்ப் பன்றி ஒரே பாய்ச்சலில் அன்னாசித் தோட்டத்துக்குள் போய்விட்டது. "அடியே, நில்லுடி!" என்று வால்டர் பின்னாலேயே ஓடினான்.

சேற்றிலிருந்து முகம் வந்தது. மூக்கு மழுங்கியிருந்தது. எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள் பெனிதா. முதலில் ராஜாவின் தாடி தெரிந்தது, பிறகு எண்கள். 1919. அவள் மாமாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், சேறெல்லாம் மார்பில்.

ஜீப் பதினொன்றுக்கு முன்பே வந்துவிட்டது. அதிகாரி சின்ன வயசு. பெயிண்ட் டப்பாவோடு ஓர் ஆள் பின்னால்.

"என்ன இது, பொம்மையா?"

"எங்க அம்மாவோட தாய்மாமா சார். வருஷம் பாருங்க."

"பழைய காசு கடைத்தெருவுலயே கிடைக்குது." அவர் சாவியால் மரத்தைச் சுரண்டினார். உள்ளே சிவப்பாக இருந்தது. "சால் மரமாச்சே. எங்க வெட்டினது?"

பெனிதாவுக்கு உயிரே வந்தது. "இங்கதான் சார்! இதே காட்டுலதான்! எங்க ஆளுங்களே வெட்டிச் செதுக்கினது. அப்போலேருந்து நாங்க இங்கதான் சார் இருக்கோம்!"

அதிகாரி நோட்டைத் திறந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. இதே காடு?"

"ஆமா சார், எழுதிக்குங்க."

தோட்டத்திலிருந்து மூச்சிரைக்க வந்த வால்டர் கடைசி வார்த்தையைக் கேட்டான். "பெனிதா, வாய மூடு!"

அவளுக்குப் புரியவில்லை. அதிகாரி எழுதியதை வாசித்தபோதுதான் புரிந்தது. காட்டு மரம் வெட்டியது, பதுக்கியது. பெயர் பெனிதா ரெமா.

"நான் வெட்டல சார்! நான் அப்ப பிறக்கவே இல்ல. அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. சரி, திருட்டுன்னே எழுதுங்க. ஆனா அந்த வருஷத்தப் போட்டு எழுதுங்க சார், உங்களக் கும்பிடறேன்!"

"கண்டுபிடிச்ச தேதியத்தான் போடுவோம்" என்றார் அவர். இன்றைய தேதியைப் போட்டார்.

சுவரில் சிவப்பு விழுந்தது. பெயிண்ட் ஆள் ரெங்சன் மாமாவைத் தூக்கி ஜீப்பின் பின்பக்கம் போட்டான். ஜாஜோங் எழுந்தாள், புடவை முந்தானையால் மரத்தின் முகத்தைத் துடைத்தாள், ஜீப்பில் ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"கிழவி, இறங்கு."

"இவர ஒரு தடவ தலைகீழாப் போட்டவ நான். இனிமே தனியா விடமாட்டேன்."

பெனிதா ஓடினாள். ஜாஜோங் கையைக் காட்டித் தடுத்தாள். "நீ வராதே. வீட்டுக்காரி நீதான். காலியா இருந்தா இன்னிக்கே இடிச்சுருவாங்க."

ஜீப் போனது. பெனிதா சுவரைப் பார்க்கவில்லை, கொட்டிலைப் பார்த்தாள். மூன்று மூலையிலும் தூண் அப்படியே நின்றது. அவை என்னவென்று ஜீப்காரர்களுக்குத் தெரியாது.

"வேணாம்டி" என்றான் வால்டர். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேஸ் போடுவான்."

"போடட்டும். கடப்பாரைய எடு."

வாசலில் அவள் முதல் குழியைத் தோண்ட ஆரம்பித்தாள். கிமாக்கள் நின்றதாக அம்மா எப்போதோ சொன்ன இடத்தில், ரெங்சன் மாமாவுக்கு நான்காவது குழிக்கும் இடம் விட்டு.