சேற்றுமேட்டுக்கு ஒரு பெயர்

1

இந்தக் கதை எனக்கு எதிர்வீட்டு டிவியில் கிடைத்தது. ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் அடுக்குமாடியில், ஒரு சனிக்கிழமை மதியம், ஜெய்சன் கதவைத் தட்டினார்.

"அண்ணே, ஐரின் போயிருக்குற ஆராய்ச்சிக் கப்பல்ல இருந்து கடலுக்கு அடியில இருக்குறத நேரலையாக் காட்டுறாங்களாம். தனியாப் பாக்க ஒரு மாதிரியா இருக்கு. வாங்கண்ணே."

சோற்றைப் பாதியில் விட்டுப் போனேன். கதை கிடைக்கும் என்றால் அழையாத வீட்டுக்கும் போகிற ஆள் நான். இது அழைத்த வீடு.

(இனி அவரை 'அவன்' என்றுதான் எழுதுவேன். மரியாதை வைத்தால் பக்கத்தில் போக முடிவதில்லை.)

2

முதல் தொடக்கம்: 'கடலுக்கடியில் ஓர் எரிமலை வெடித்துச் சிதற—'

அடித்துவிட்டேன். அங்கே எதுவும் சிதறவில்லை. நெருப்பும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: 'மதுரையில் கடல் இல்லை.' அதைச் சொல்ல ஒரு கதை வேண்டுமா?

சரி, நேராகவே சொல்கிறேன். நிலம் கரையோடு முடிந்துவிடுவதில்லை. தண்ணீருக்குள்ளும் கொஞ்சதூரம் போய், அப்புறம்தான் ஆழத்துக்குச் சரிகிறது. அந்தச் சரிவில் ஆறுகள் காலங்காலமாகக் கொட்டிய வண்டல்* அடுக்கடுக்காகக் கிடக்கிறது. மேலே பாரம் ஏற ஏற, அடியில் மாட்டிக்கொண்ட நீரும் வாயுவும் போக்கிடம் இல்லாமல் முட்டுகின்றன. எங்கோ ஒரு விரிசல் கிடைத்ததும் சேற்றையும் சுமந்துகொண்டு மேலே வருகின்றன. அப்படிக் குவிந்த மேட்டுக்குச் சேற்றெரிமலை என்று பெயர். தொட்டால் சுடாது; குளிரும்.

* வைகை கடலைப் பார்ப்பதே அபூர்வம்தான். ஆனாலும் எப்போதோ போன ஒரு பிடி வைகை மண் அங்கே கிடக்கும் என்று நம்ப எனக்கு ஆசை. ஐரினிடம் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

3

ஜெய்சன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவன் மனைவி ஐரின் கடலடி மண்ணை ஆராய்கிறவள். போன வருஷம் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இறந்தே பிற—

இந்த வாக்கியத்தை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கு முறையும் பாதியில் நின்றது. குழந்தை மூச்சு விடவில்லை. இதற்குமேல் நயமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஜெய்சன் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் கொடுக்கும்வரை பிள்ளையின் பேரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் பிள்ளைக்கு ஆகாது. அதனால் அவன் மனதில் ஒரு பேர், அவள் மனதில் ஒரு பேர். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சொல்லிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் உபதேசியார் கேட்டார்: "பிள்ளைக்குப் பேரு?"

ஐரின் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளைக் கேட்காமல் தன் பேரை மட்டும் சொல்வது திருட்டு மாதிரி இருந்தது அவனுக்கு. "இன்னும் வைக்கலங்க" என்றான். சிலுவையில் 'ஜெய்சன் - ஐரின் மகள்' என்று எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு ஒரு நாள் அவள் கேட்டாள்.

"பேரு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. வைக்கலன்னு சொல்லிட்டேன்."

அவள் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் பால் தீர்ந்தது, கரண்டு பில் வந்தது என்றுதான் பேச்சு. உள்ளே இருந்த இரண்டு பேர்களும் உள்ளேயே இருந்தன. அவள் கப்பலுக்குக் கிளம்பியபோது, இவள் திரும்பி வருவது கடமைக்குத்தானோ என்று அவனுக்குப் பயமாகிவிட்டது.

(முதல் வரைவில் அந்தக் குழந்தைக்கு நானே ஒரு பேர் வைத்திருந்தேன். பேர் வைப்பது கதை எழுதுகிறவனுக்குச் சல்லிசான வேலை. பிறகு வெட்கப்பட்டு எடுத்துவிட்டேன்.)

4

டிவியில் முதலில் வெறும் இருட்டு. அப்புறம் ஆழத்துக்கு இறக்கிய எந்திரத்தின் விளக்கொளியில் வெண்துகள்கள் மேலிருந்து உதிர்ந்துகொண்டே இருந்தன. ஐரினின் குரல் கேட்டது: "தரை தெரியுது."

சாம்பல்நிறச் சேறு. அதன்மேல் இட்லித் துணி விரித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் படலங்கள். அத்தனையும் நுண்ணுயிர் என்றாள். ஓரத்தில் கும்பல் கும்பலாகச் சிப்பிகள். சூரியனை ஒரு நாளும் பார்த்திராத உயிர்கள். மண்ணுக்குள்ளிருந்து கசிகிற வாயுதான் அந்த ஊருக்கே சோறு.

"சேசுவே, இம்புட்டு உசுரா!" என்றான் ஜெய்சன். அவன் எழுந்து நின்றது அவனுக்கே தெரியாது.

மேட்டின் உச்சியில் சேறு மெல்ல உப்பியது. ஒரு குமிழ் வந்தது. இன்னொன்று. பிறகு சரம் சரமாக. சட்டென்று நின்றது. குமிழ் நின்றதும் ஜெய்சனும் மூச்சை நிறுத்திக்கொண்டான். மறுபடி வந்தபோதுதான் விட்டான். ஜன்னலுக்கு வெளியே யானைமலை அசையாமல் படுத்திருந்தது. பூமி என்றால் அந்தக் கல்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். பூமி மூச்சு விடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கப்பலில் ஒரு பெரியவர் பேசினார்: "ஐரின், ஆழம் பாக்குற கருவியில புகை மாதிரி தெரிஞ்சப்ப எல்லாரும் மீன்கூட்டம்னோம். மீன்னா நகரும், இது மறுநாளும் அங்கயே நிக்குதுன்னு சொன்னது நீங்கதான். கப்பல் வழக்கப்படி நீங்களே இதுக்கு ஒரு பேரு வைங்க."

திரையில் குமிழ்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஜெய்சனின் போன் அடித்தது.

5

முடிவு ஒன்று: இருவரும் ஒரே பேரைச் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். எந்தக் கணக்கு வாத்தியாரும் நம்பமாட்டார்.

முடிவு இரண்டு: ஐரின் ஏதோ ஒரு ராணியின் பேரை வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவுகி— வேண்டாம். என்னால் தாங்க முடியாது.

நடந்ததை நடந்தவரைக்கும் சொல்கிறேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"என்னங்க, பாத்தீங்களா?"

"பாத்தேன் ஐரின்."

"மூச்சு விடுதுங்க." அவள் குரல் உடைந்தது. "அம்புட்டு ஆழத்துல, அந்த இருட்டுல..."

"ம்."

"பேரு கேக்குறாங்க. என் மனசுல இருக்கு. ஆனா மொதல்ல நீங்க சொல்லுங்க. அன்னிக்கு நான் உங்களக் கேக்கவே இல்ல. நீங்களும் ஒண்ணு வச்சிருந்தீங்கல்ல?"

ஜெய்சன் என்னைப் பார்த்தார். (ஆமாம், இங்கே அவன் மறுபடி அவராகிவிட்டார்.) ஒரு கதையின் உச்சத்தில் நானாக எழுந்து வெளியே போனது வாழ்க்கையில் அன்று ஒரு முறைதான். கதவைச் சாத்திக்கொண்டு நடையில் நின்றேன்.

எந்தப் பேர், ஒன்றா இரண்டா, அந்த மேட்டை இன்று என்னவென்று அழைக்கிறார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் போவதில்லை. உங்கள் வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லாத பேர் ஒன்று இருக்கக்கூடும். இருந்தால், கதவுக்கு வெளியே எனக்குக் கேட்ட இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் முடித்துவையுங்கள். சத்தமாகவே சொல்லுங்கள்.

"நம்ம மக பேரு