சஹனில் ஒரு நெல்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி சாய்த்த தென்னைகளைச் சாய்ந்தமருதுக்காரர்கள் வெட்டி அகற்றி முடித்த பிறகும் ஜுனைதா விதவைக்குரிய இத்தா இருக்க மறுத்தாள். புயலுக்கு முந்தின நாள் மீனுக்குப் போன அவள் புருசன் சீனிமுகம்மது திரும்பவில்லை, தோணியின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. பள்ளிவாசல் லெவ்வை வந்து பக்குவமாகச் சொன்னார், உம்மா அழுது பார்த்தாள். மையித்தை, அவர் உடலைக் காட்டுங்கள், வெள்ளை உடுக்கிறேன் என்பதுதான் அவள் பேச்சு. அவன் இடுப்பில் உடுத்திய மருதமுனைச் சாறனை வெள்ளிக்கு வெள்ளி துவைத்துக் கொடியில் போடுவாள். வானம் கொஞ்சம் கறுத்தால் போதும், அடுப்பில் என்ன கிடந்தாலும் விட்டுவிட்டு ஓடிப்போய் எடுப்பாள். ஊர் என்ன கதைத்தால் என்ன, மனசு ஒத்துக்கொள்ள வேண்டுமே.

கப்பலில் வேலை செய்கிற, அக்காவைத் தாத்தா என்றே கூப்பிடுகிற தம்பி காலிதீன் லீவில் வந்த அன்று அவள் முகம் தெளிந்தது. கப்பலில் றேடார் என்றொரு மெசின் இருக்கிறது, எத்தனையோ கட்டை தூரத்துக்கு அப்பால் பெய்கிற மழையையே அது காட்டிக்கொடுக்கும் என்று போன லீவில் அவன்தான் பெருமையடித்திருந்தான். போதாததற்கு, புயலன்று அவன் கப்பல் இந்தக் கடலில்தான் நின்றதாம்.

வறுத்த அரிசி மாவைச் சஹன் என்கிற பெரிய தட்டில் கொட்டி ஆறவிட்டுக்கொண்டிருந்தவள், அவன் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரைதான் பொறுத்தாள்.

"மழைத் துளியக் காணுற மெசின், அவர்ர தோணியக் காணல்லயா தம்பி?"

காலிதீன் கோப்பையைக் கீழே வைத்தான். கண்டதாக ஒரு பொய் சொல்லிவிட்டால் இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குவாள் என்று நினைத்தான். ஆனால் அந்தப் பொய் அவளை ஆயுள் முழுக்கக் காத்திருக்க வைத்துவிடும். அந்த வட்டச் சஹனை இழுத்து, மாவை ஓரமாக ஒதுக்கினான். இதுதான் றேடார்க் கண்ணாடி, நடுவில் எங்கட கப்பல் என்றான். கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்பி வருகிறதல்லவா, அப்படித்தான் கப்பல் அனுப்புகிற அலையும். எதில் பட்டுத் திரும்புகிறதோ, அந்த இடம் கண்ணாடியில் வெளிச்சமாகும். மழை பலக்கப் பலக்க வெளிச்சமும் கூடும். தரையில் சிந்திக் கிடந்த ஒரு நெல்லை எடுத்து, சஹனின் வெறும் இடத்தில் வைத்தான்.

"மழ இல்லாட்டி, மரத் தோணி இப்பிடிக் கொஞ்சமாத் தெரியும், தாத்தா."

பிறகு கை நிறைய மாவை அள்ளி அதன்மேல் போட்டான்.

"அண்டைக்குக் கண்ணாடி முழுக்க மழதான். அதுக்குள்ள தோணி கிடந்தாலும் பிரிச்சுக் காட்டாது."

ஜுனைதா மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, இல்லயெண்டும் அது சொல்லல்லதானே?"

கூரைத் தகரத்தில் துளிகள் விழத் தொடங்கின. சாறன் நனைகிறது என்று உம்மா குசினி அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள், பிறகும் ஒருதரம் கூப்பிட்டாள். ஜுனைதா எழும்பவில்லை. மாவுக்குள் விரல்களை மெல்ல விட்டு அந்த நெல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். வெளியே சாறன் நன்றாக நனைந்து, கனத்து, கொடியை நிலத்தருகே இழுத்துக்கொண்டு தொங்கியது.