கொக்கி இல்லாத மிஷின்

மாநகராட்சி தனக்கு வேண்டாத சாமான்களை ஏலம் விடுகிற நாள் என்றால், கிடங்கு வாசலில் காலையிலேயே கூட்டம் முட்டித் தள்ளும். ஊருக்கெல்லாம் சொந்தமாக இருந்து, ஒருத்தருக்கும் பயன்படாமல் போன அத்தனையும் அங்கே வந்து சேர்ந்திருக்கும். மூடிவிட்ட நீச்சல் குளத்தின் ஏணி, பூங்காவில் இருந்த சறுக்குமரம், ஒரு காலத்தில் யாரோ ஓர் அதிகாரி உட்கார்ந்து எல்லோரையும் விரட்டிய மேசை, எல்லாம் மேலே ஒரு நம்பரை ஒட்டிக்கொண்டு வெயிலில் காயும். உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அங்கே சட்டம். வாங்கின பிறகு ஓட்டை, உடைசல் என்று வாயைத் திறக்க முடியாது.

ரொட்டிக்கடைக்காரி இதில் எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கண்ணெல்லாம் நாற்பத்திரண்டாம் நம்பர் மேல்தான். பள்ளிக்கூடங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்த பொதுச் சமையல்கூடத்தை மூடியபோது அங்கிருந்து வந்த மாவு பிசையும் மிஷின் அது. ஆளுயரம் இருக்கும். குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல அண்டா. அடேயப்பா, என்ன கம்பீரம்!

அவள் கடையிலிருந்த பழைய மிஷின் புகைந்து செத்துப்போனதிலிருந்து மாவைக் கையால்தான் பிசைந்துகொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கி, இப்போது அதில் கட்டுப் போட்டிருந்தது. "இனிமே மாவுல கை வெச்சீங்கன்னா, கரண்டி புடிக்கக்கூட அந்தக் கை உதவாது" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். புது மிஷின் வாங்க வக்கில்லை. ஒன்று, இன்றைக்கு இந்த மிஷின் கைக்கு வர வேண்டும்; இல்லாவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டும். நடுவில் வேறு வழியே கிடையாது.

வாசலில் நம்பர் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் தனக்கும் ஒன்று கேட்டாள்.

"ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு நம்பர்?" என்றார் அவள் புருஷன்.

"நீங்க வாயப் பொளந்துக்கிட்டு வேடிக்கை பார்த்தா, யாரு கையத் தூக்கறது?"

அவர் சிரித்தார். அன்றைக்கு அவருக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்புதான். மோட்டார் பைக்கை வாசலுக்கு எதிரே நிழலில் நிறுத்தி, கைக்குட்டையால் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பைக் என்றால் அவருக்கு உயிர். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அதன்மேல் ஒரு ரொட்டிக் கூடையை வைக்க விட்டவரில்லை. பெயிண்ட் கீறிவிடுமாம்!

இரண்டு பேரும் உட்கார்ந்ததும் அவள் மிஷினை எட்டிப் பார்த்தாள். பார்த்தவளுக்கு நெஞ்சு திக்கென்றது. மாவைச் சுழற்றிப் பிசைகிற கொக்கியைக் காணோம்! அண்டாவுக்குள் வெறும் காற்றுதான் இருந்தது.

"ஏங்க! கொக்கி எங்கங்க? நேத்து நீங்க வந்து பார்த்தப்ப இருந்துச்சுன்னு சொன்னீங்களே?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார். "இருந்துச்சு. நான்தான் கழட்டினேன்."

"என்னது?"

"கத்தாத. கொக்கி இல்லாத மிஷினை எவன் கேப்பான்? அடிமாட்டு விலைக்கு நம்ம கைக்கு வந்துடும். கொக்கி பத்திரமா இருக்கு. அதோ, நாப்பத்தொண்ணாம் நம்பர், அந்தத் தெருவிளக்குக் கூண்டெல்லாம் குமிஞ்சு கெடக்குதே, அதுக்கு அடியில சொருகி வெச்சிருக்கேன். அந்தக் குப்பையையும் சும்மா மாதிரி எடுத்துடுவேன். எப்படி நம்ம மூளை?"

மனுஷனுக்குப் புத்தி எப்படியெல்லாம் போகிறது பாருங்கள்! நேர்வழி என்று ஒன்று வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாலும், சில பேருக்குச் சுவரேறிக் குதித்தால்தான் சோறு இறங்கும். திட்டுவதற்கு வாயைத் திறப்பதற்குள் ஏலம் தொடங்கிவிட்டது.

ஏலம் விடுகிற அதிகாரியை எல்லோரும் மைக் அம்மா என்றுதான் சொல்வார்கள். குரல் அப்படி. சறுக்குமரம் போனது, ஏணி போனது, மேசை போனது. அந்தம்மா மூச்சு விடுகிற நேரம் தெரியவில்லை.

"நாப்பத்தொண்ணு! பழைய தெருவிளக்குக் கூண்டு, மொத்தமா ஒரே குவியல்! யாரு கேக்கறீங்க?"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவள் புருஷன் கொட்டாவி விட்டபடி அட்டையைத் தூக்கினார். நடிப்பைச் சும்மா சொல்லக் கூடாது.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"நான் கேக்கறேன்!" பின்வரிசையில் ஒரு குரல். திரும்பிப் பார்த்தால், கல்யாண மண்டபங்களில் மேடை ஜோடிக்கிறவர் ஒருத்தர். சட்டையில் இன்னும் ஜிகினா ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் முடிப்பதற்குள் இன்னொரு பக்கம் காபிக்கடை வைக்கப்போகிற ஒரு பெண் அட்டையைத் தூக்கினாள். பழைய விளக்குக் கூண்டுக்கு இப்போது இத்தனை மவுசு என்று யாருக்குத் தெரியும்?

அவள் புருஷன் முகத்தில் ஈயாடவில்லை. அட்டையைத் தூக்கினார். ஜிகினாச் சட்டை தூக்கினார். காபிக்கடைப் பெண் தூக்கினாள். இவர் மறுபடி தூக்கினார். விலை குதித்துக் குதித்து ஏறியது. மிஷினுக்கென்று முடிந்து வைத்திருந்த பணத்தில் பாதியைத் தொட்டபோது, ரொட்டிக்கடைக்காரி அவர் கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள்.

"கொக்கிய வாங்கிட்டு மிஷினுக்கு என்னத்தக் குடுப்பீங்க? உங்க மூளையவா?"

"மூணு தரம்!" குவியல் அந்த ஜிகினாச் சட்டை மேடைக்காரருக்குப் போய்விட்டது. அவர் துள்ளிக் குதித்து ஓடி, அந்த இடத்திலேயே குவியலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"அடுத்தது நாப்பத்திரண்டு! மாவு பிசையற மிஷின்!"

முன்வரிசையில் ஒருத்தர் சத்தமாகச் சிரித்தார். ஊரில் மூன்று பெரிய ரொட்டிக்கடை வைத்திருப்பவர். அதனால் அவருக்கு மூணுகடை என்றே பெயர். "கொக்கியே இல்லையேம்மா! இதுல உக்காந்து குளிக்கத்தான் முடியும்!" கூட்டமே சிரித்தது.

"பார்த்தியா?" என்று அவள் புருஷன் கிசுகிசுத்தார். போன உயிர் திரும்பி வந்திருந்தது. "மிஷின் சும்மா கெடைக்கப்போகுது. அப்புறமா அந்த ஜிகினாக்காரர்கிட்ட நைசாப் பேசிக் கொக்கிய வாங்கிக்கலாம். நீ வாய மூடிக்கிட்டு இரு."

அவளும் ஒரு கணம் சபலப்பட்டாள். ஏன் பொய் சொல்ல வேண்டும்? மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கிறபோது நியாயம் பேச யாருக்கு வரும்? வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேடைக்காரர் கூண்டுகளுக்கு அடியிலிருந்து கனமான ஓர் இரும்பை இழுத்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "ஏங்க, இதென்னது? ஊஞ்சல் மாட்டறதா?"

மூணுகடை திரும்பினார். சிரிப்பு நின்றது. இரும்பைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், மறுபடி இரும்பைப் பார்த்தார். மெல்ல எழுந்து, சட்டைப் பையில் கையை விட்டபடி மேடைக்காரர் பக்கம் நடக்க ஆரம்பித்தார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ரொட்டிக்கடைக்காரிக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. கொக்கி அவர் கைக்குப் போனால், மிஷினும் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

"அம்மா! நிறுத்துங்க!" அவள் எழுந்து நின்று போட்ட சத்தத்தில் மைக் அம்மாவே ஒரு கணம் மைக்கை மறந்துவிட்டார். "அந்தக் கொக்கி இந்த மிஷினோடது! அங்க இருக்கக் கூடாது!"

அவள் புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மைக் அம்மா மேடையை விட்டு இறங்கி வந்தார். கொக்கியை வாங்கினார், மிஷினில் மாட்டிப் பார்த்தார். டக்கென்று உட்கார்ந்தது. "எனக்கு விளக்குக் கூண்டு போதும்மா, இத எடுத்துக்கோங்க" என்று மேடைக்காரர் கும்பிடு போட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆனால் அந்தம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"இத மாத்தி வெச்சது யாரு?"

அந்தம்மாவின் பார்வை காவலாளி மேல் போய் நின்றது. "நேத்து சாமான் பார்க்க வந்தவங்களோட நீங்கதானே நின்னீங்க? இதுக்கு எவ்வளவு வாங்கினீங்க?"

"ஐயோ, நான் ஒண்ணும் வாங்கலைம்மா! எம் புள்ளைங்க மேல சத்தியமா எனக்குத் தெரியாதும்மா!" அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

ரொட்டிக்கடைக்காரி தன் புருஷனைப் பார்த்தாள். அவ்வளவுதான். அவர் காலால் தரையைக் கீறினார். பிறகு எழுந்தார்.

"அவரை விடுங்கம்மா. நான்தான். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

கூட்டம் ஓவென்று கத்தியது. மைக் அம்மா கையை நீட்டினார். அவர் நம்பர் அட்டையைக் கொடுத்தார். "வெளிய போங்க. இனி இந்த ஏலத்துல உங்க கை மேல வரக் கூடாது" என்றார் அந்தம்மா. அதே காவலாளிதான் அவரைக் கூட்டிப்போய் வாசலுக்கு வெளியே விட்டுக் கம்பிக் கதவைச் சாத்தினார். பாவம், ரொம்ப மெதுவாகத்தான் சாத்தினார்.

"அப்ப நாப்பத்திரண்டு, கொக்கியோட, முழு மிஷின்! யாரு கேக்கறீங்க?"

ரொட்டிக்கடைக்காரி தன் அட்டையை எடுத்தாள். நல்லவேளை வாங்கி வைத்தாள்! தூக்கினாள். மூணுகடை தன் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்து ஒரு விரலை உயர்த்தினார். அவள் தூக்கினாள். அவர் உயர்த்தினார். இப்போது மிஷின் முழு மிஷின், முழு விலை. கூட்டம் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஆகா என்றது. யாரோ அவள் பக்கம் நின்று, "விடாதீங்க அக்கா!" என்று கத்தினார்கள். அவளுக்குக் காது அடைத்தது, நெஞ்சு மேளம் கொட்டியது. பயமா சந்தோஷமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

முடிந்து வைத்திருந்த பணத்தை விலை தாண்டிவிட்டது. கடைசி ஏற்றம் மூணுகடையுடையது.

"ஒரு தரம்!"

அவள் கம்பிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். புருஷன் கம்பிகளுக்கு நடுவில் கையை முழங்கை வரைக்கும் உள்ளே நுழைத்து எதையோ ஆட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் அது பளபளத்தது. பைக் சாவி.

"ரெண்டு தரம்!"

அட்டையைத் தூக்கினாள். கட்டுப் போட்ட அந்தக் கையால்தான் தூக்கினாள். தூக்கியதை இறக்கவே இல்லை. மூணுகடை ஒரு விரல் உயர்த்தினார். அட்டை அப்படியே நின்றது. மறுபடி உயர்த்தினார். அட்டை அப்படியே நின்றது. மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் நெருப்பாக எரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இறக்குங்கம்மா, உங்க கேள்விதான் இப்ப மேல இருக்கு" என்றார் மைக் அம்மா.

"இறக்க மாட்டேன்மா. அவர் எத்தனை தடவை கேட்டாலும் இது என் பதில்."

மூணுகடை திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். கட்டுப் போட்ட அந்தக் கையையும் பார்த்தார். கணக்குப் போட்டு வியாபாரம் செய்கிற மனிதர் அவர். இந்த அம்மாளிடம் கணக்கு நடக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. விரலை மடக்கிக்கொண்டார்.

"ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்தது. காபிக்கடைப் பெண் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். ரொட்டிக்கடைக்காரி அழுதுகொண்டே சிரித்தாள். "எம் மிஷின்! எம் மிஷின்!" என்று அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பற்றாமல் போன பணத்துக்கு அதிக நேரம் அலைய வேண்டியிருக்கவில்லை. வெறுங்கையோடு போக மனமில்லாத மூணுகடையே வாசலில் பைக்கைப் பேசி வாங்கிக்கொண்டார். பணம் கைமாறின மறு நிமிஷமே அவருடைய ஆள் பின்சீட்டில் பெரிய ரொட்டிக் கூடை ஒன்றை வைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டினான். அவள் புருஷன் அந்தப் பக்கம் திரும்பாமல் நின்றார். பெயிண்ட் கீறுகிற சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

மிஷினை வெளியே கொண்டுவர அவரால் உதவ முடியவில்லை. உள்ளே கால் வைக்கத்தான் தடையாயிற்றே! மேடைக்காரரும் காவலாளியும் இன்னும் நாலு பேரும் உருட்டிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் ஏற்றும்போது ஆடி அடிபடக் கூடாது என்று கொக்கியை மட்டும் தனியாகக் கழற்றியிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரி அதை இடது கையில் அணைத்தபடி வாசலுக்கு வந்தாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவளுக்கு அவரைத் திட்ட ஒரு வண்டி வார்த்தை சேர்ந்திருந்தது. அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, கொக்கியை அவர் கையில் வைத்தாள்.

"இந்தாங்க, புடிங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் எங்கயும் வெச்சிடாதீங்க."