யோகோஹாமாவில் குனிந்தவன்

பாட்டு முடிந்தது. கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. மேடையில் நின்ற க்யூமின் கூட்டத்தை மிரண்டு பார்த்தான்.

யோகோஹாமா வணிக வளாகத்தின் நடுக்கூடம் அது. மாடிக் கைப்பிடிகள் வரை ஜப்பானிய ரசிகைகள் நெருக்கியடித்து நின்றார்கள். இதுவே கொரியாவின் சியோல் என்றால் பல்லவிக்கு இடையில் மேடையிலுள்ள நான்கு பேர் பெயரையும் தொண்டை கிழியக் கத்தியிருப்பார்கள். அந்தக் கத்தலைக் கேட்டே பாடிப் பழகியவன் அவன். இங்கே எல்லாரும் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

'ஹேமுரி' என்ற அந்தக் கொரியப் பாடகர் குழுவின் ஜப்பானிய மொழிப் பாட்டு அன்றுதான் இசைத்தட்டாகக் கடைக்கு வந்திருந்தது. குழுவின் தலைவனான க்யூமின் அடுத்த மாதம் ராணுவத்துக்குப் போயாக வேண்டும். கொரியாவில் பிறந்த ஆண்பிள்ளை அதிலிருந்து நழுவ முடியாது. விஷயம் இன்னும் வெளியே தெரியாது. ஜப்பானிய கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது: இன்றைய விற்பனையில் முதலிடம் வந்தால் அவன் திரும்பும்வரை நால்வருக்காகவும் காத்திருப்போம், இல்லையென்றால் கடையைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேருங்கள். மதியம்வரை இரண்டாமிடம்தான்.

போச்சு, எல்லாம் என்னால்தான் என்று நினைத்தான் க்யூமின். ஒலிவாங்கியைப் பிடித்து, தெரிந்த ஜப்பானிய மொழியில் "மன்னிச்சிடுங்க" என்றான். இடுப்பு மடியக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. மேல்மாடியில் யாரோ விம்மினார்கள். பிறகு கூடமே அழத் தொடங்கியது.

மேடைக்குப் பின்னால் மேனேஜர் பாங் அவன் சட்டையைப் பிடித்தார். ஒசாகாவில் பல காலம் குப்பை கொட்டியவர்.

"யாருடா உன்னை மன்னிப்புக் கேக்கச் சொன்னது?"

"யாருமே ரசிக்கலியே, அதான்..."

"முட்டாப்பயலே! உருக்கமான பாட்டுன்னா இவங்க மூச்சுவிடாமத்தான் கேப்பாங்க. ஆனா மேடையில நின்னு அவ்ளோ நேரம் குனிஞ்சேன்னா இந்த ஊர்ல ஒரே அர்த்தம்தான். ஏதோ ஆகிப்போச்சு, ஆளு விலகப் போறான்னு!"

க்யூமின் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். வெளியே ரசிகைகள் விற்பனை மேசையை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசித் தட்டாயிற்றே, விடுவார்களா?

மாலையில் அன்றைய விற்பனைப் பட்டியல் வந்தது. குழுவின் கடைக்குட்டி தேரிம் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணே! மொதல் எடம்ணே!"

கட்டிப் பிடித்து அழுதார்கள். பாங் மட்டும் சிரிக்கவில்லை.

"கம்பெனி கூப்பிட்டாங்க. நீ விலகுறதாவே இருக்கட்டுமாம். விடைபெறும் கச்சேரி வெச்சா இன்னும் பிச்சுக்கிட்டுப் போகுமாம். அப்புறம் மூணு பேரா தொடரலாம்கிறாங்க."

"காத்திருப்போம்னு சொன்னாங்களே?"

"அது நீ குனியறதுக்கு முன்னாடி."

"நான் உண்மையைச் சொல்லிட்டா?"

"சொல்லேன். அழுது வாங்கினவங்க, நாடகம் போட்டு ஏமாத்திட்டான்னு நாளைக்கே தட்டைத் தூக்கி எறிவாங்க. உன்னோட சேந்து இந்த மூணு பசங்களும் தெருவுக்கு வருவானுங்க."

தேரிம் பாங்கை முறைத்தான். "எங்களைச் சாக்கு வெச்சு மிரட்டாதீங்க சார். அண்ணே, நீ சொல்லு."

இரண்டாவது காட்சிக்கு மேடையேறினார்கள். க்யூமின் பாட்டைத் தொடங்கவில்லை. முகம் வீங்க அழுதிருந்த முன்வரிசைப் பெண்களைப் பார்த்தான். இவர்களையா ஏமாற்றினோம் என்று நெஞ்சு வலித்தது.

"நான் விலகல," என்றான் திக்கித் திணறி. "பயந்துபோய்க் குனிஞ்சுட்டேன். ராணுவத்துக்குப் போறேன். திரும்பி வருவேன். நான் விலகுறேன்னு நினைச்சு வாங்கினவங்க தட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

மறுபடி அதே மௌனம். ஓரத்தில் பாங் தலையில் கைவைத்தார். க்யூமினின் முதுகு தானாக வளையப் பார்த்தது. பின்னாலிருந்து தேரிம் அவன் சட்டையை இறுகப் பிடித்து நிமிர்த்தினான். "குனியாதேண்ணே. நில்லு."

நின்றான்.

முன்வரிசையில் அலுவலக உடையில் இருந்த ஒருத்தி வாயருகே கை குவித்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் புருஷனிடமும் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடமும் அந்த ஊரில் வாசலில் சொல்லும் அதே சொல்லைக் கத்தினாள்:

"போயிட்டு வா!"

அடுத்து இரண்டு குரல். பிறகு மாடி மாடியாக, மூச்சுவிடாமல் பாட்டுக் கேட்கும் அந்தக் கூட்டம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியது.

"போயிட்டு வா!"