இளஞ்சூடு காட்டாத கத்தி

மச்சினன் அடித்ததைக் கத்தி என்றே கொல்லன் ஒத்துக்கொள்வதில்லை. கட்டிடக் கம்பியைத் தட்டையாக்கிக் கூர் வைத்தால் கத்தியாகிவிடுமா? எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் அந்த இரும்பு கெட்டிப்படாது. மச்சினனுக்குக் ‘கம்பி’ என்று பெயர் வைத்ததே கொல்லன்தான். பக்கத்திலேயே பட்டறை போட்டு உட்கார்ந்திருந்தது அந்த முகரை.

கறிக்கடைக்காரி தன் கடைகளுக்கெல்லாம் யார் கத்தியை எடுப்பது என்று இன்று முடிவு செய்கிறாள். இதுவும் கைநழுவினால் கொல்லன் உலையை அவித்துவிட்டு எவனிடமாவது சம்மட்டி தூக்கப் போகவேண்டியதுதான்.

பழைய அரத்தை அடித்து இழைத்த கத்தியைச் சிவக்கக் காய்ச்சி அவன் எண்ணெயில் இறக்கியபோதே அவள் வந்துவிட்டாள். பையிலிருந்து ஒரு தொடையெலும்பை எடுத்துக் கட்டைமேல் வைத்தாள். பின்னாலேயே கம்பியும் தன் கத்தியோடு நுழைந்தான்.

அவன் கத்தியால் முதலில் ஒரு போடு போட்டாள். எலும்பில் பட்டதும் வளைந்தது.

“அகப்பைன்னு சொல்லி வித்திருக்கலாமே!” கொல்லன் வயிறு குலுங்கச் சிரித்தான். எண்ணெயிலிருந்து தன் கத்தியை எடுத்துத் துடைத்தான். புது அரத்தை அதன்மேல் இழுத்தான். கண்ணாடியில் வழுக்குவதுபோல வழுக்கியது. “பாத்தியாம்மா? அரமே கடிக்கல, அவ்வளவு கெட்டி.”

“மச்சான், இன்னும் இளஞ்சூடு காட்டலையே” என்றான் கம்பி மெதுவாக. “லேசா சுட்டு, இரும்பு வைக்கோல் நிறத்துக்கு வரட்டும். இப்பக் குடுத்தா பொட்டுனு ஒடைஞ்சு போயிரும்.”

கொல்லனுக்குத் தெரியாததா? உலையோரம் வைக்கத்தான் கையும் போனது. ஆனால் சொன்னது யார்? கம்பி!

“வளையற தகரத்தை அடிக்கிறவன் எனக்குப் பாடம் எடுக்கிறியா? நீ போடும்மா!”

போட்டாள். கத்தி இரண்டாக முறிந்தது. நுனி துள்ளிப் பட்டடைக்கல்லுக்கு அடியில் விழுந்தது.

அவள் கையிலிருந்த பிடியைப் பார்த்தாள், கொல்லனைப் பார்த்தாள். பிறகு கம்பியின் கத்தியை முழங்காலில் வைத்து நிமிர்த்தினாள்.

“இது மொக்கைதான், இல்லேங்கல. ஆனா உன் துண்டு கறிக்குள்ள போய், வாங்குறவ பல்லு போனா யாருய்யா பதில் சொல்றது? நீ நெஞ்சை நிமித்தத்தான் லாயக்கு. டேய் கம்பி, இரும்பை மாத்து. வேலை உனக்கு.”

எலும்பைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

“மச்சான், பழைய அரம் இன்னும் கெடக்குல்ல? குடுங்க. அடிக்க நீங்களும் வாங்க.”

கொல்லன் காறித் துப்பினான். பிறகு மூலையில் கிடந்த அரங்களைக் காலாலேயே அவன் பக்கம் தள்ளினான்.